ஆள் புழக்கம் இல்லை

இதோ கூப்பிடுவார்கள் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டுப் போன உதவியாளர் திரும்பி வரவேயில்லை. இரும்பு நாற்காலி வரிசையில் ஏ.சி. காற்று நேராகக் கழுத்தில் விழுந்தது. இந்துமதி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என்றதும் கோர்ட்டு மாதிரி இருக்கும், கூண்டு இருக்கும், கறுப்புக் கோட்டுகள் நடமாடும் என்று பயந்துகொண்டு வந்திருந்தாள். இது பல் டாக்டரின் கிளினிக் போல இருந்தது. சுவரில் ஒரு மலைக்காட்சி, மூலையில் தண்ணீர் கேன். இங்கே வக்கீல் வைத்துக்கொள்ளக் கூடாதாம். நாமே பேசினால் போதுமாம். நாமே பேசுவதுதானே சிக்கல். என்ன பேசுவது? எங்கள் அக்கா அந்த வீட்டில் இருந்தாள். அவ்வளவுதான் பேச வேண்டியது, ஒரே ஒரு வாக்கியம். வில்லிவாக்கத்தில் பஸ் ஏறியதிலிருந்து அதைத்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டு வருகிறாள். இருந்தாள், இருந்தாள், இருந்தாள். ஒரு வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொன்னால் அர்த்தம் கழன்று போய் வெறும் சத்தம் மிஞ்சுமே, அப்படி ஆகிவிட்டது. இப்போது அந்த வார்த்தையைத் தொடவே பயமாக இருந்தது. காலையில் செருப்பு மாட்டும்போது குணசீலன் வாசல் வரை வந்து சொன்னார்: "இந்து, ரொம்ப யோசிக்காத. எப்பப் பார்த்தீங்கன்னு கேட்டா வாரா வாரம் போய்ப் பார்த்தேன்னு சொல்லிடு. யாரு போய் விசாரிக்கப் போறாங்க?" புருஷன் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. வாராவாரம் போனது உண்மைதான். பார்த்தேன் என்பதில்தான் முள் மாதிரி ஏதோ சிக்குகிறது.

அக்கா சௌந்தரவல்லி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு திருச்சியையும் பம்பாயையும் நாள் பூராவும் கோத்துவிட்டுக்கொண்டிருந்தவள். என்ன குரல் அது. வீட்டில் "சாப்பிட வாடி" என்று கூப்பிட்டால்கூட டிரங்க் கால் வந்திருப்பதுபோல இருக்கும். கல்யாணம் வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டால், "ஊர்ல இருக்கிற புருஷன் பொண்டாட்டி சண்டையெல்லாம் என் காது வழியாத்தாண்டி போகுது, போதாதா?" என்று சிரிப்பாள். ஆபீஸ் கடன் போட்டு அம்பத்தூரில் தனக்கென்று ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டாள். விருப்ப ஓய்வு வாங்கியதும் முதலில் வீட்டு டெலிபோன் இணைப்பைத் துண்டித்தாள். ஒரு வருஷம் கழித்து டி.வி.யை யாருக்கோ தூக்கிக் கொடுத்தாள். அப்புறம் பேப்பர், அப்புறம் பால். ரேடியோவின் திருகை யாரோ கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சத்தத்தைக் குறைப்பது மாதிரி அவள் குறைந்துகொண்டே வந்தாள். பைத்தியம் என்று யாரும் சொல்ல முடியாது. பென்ஷன் வாங்கப் போவாள், சொத்து வரி ஒழுங்காகக் கட்டுவாள், புடவை மடிப்புக் கலையாது. சத்தம் மட்டும் இல்லை. வெயில் ஏறுவதற்குள் வெளி வேலையை முடித்துக்கொண்டு பின்பக்கக் கதவு வழியாக உள்ளே போய்விடுவாள். சாயங்காலம் விளக்குப் போட மாட்டாள். "வெளிச்சம் கண்ணை உறுத்துதுடி." கடைசி வருஷம் தங்கைக்கே கதவைத் திறக்கவில்லை.

இதையெல்லாம் எப்படிச் சொல்வது? எந்த வரிசையில் சொல்வது? அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் தங்கள் வியாதியைத் தொடக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பிப்பார்கள். இந்துமதி கையை நீட்டுங்க என்பாள். நரம்பு தட்டுப்பட்டால் போதும், கதை வேண்டாம். இங்கே அப்படியொரு நரம்பு எங்கே இருக்கிறது? ஒரு காலை வேளையில் அக்கா வீட்டு மீட்டர் பெட்டியில் தீப்பிடித்து, கூடம் முழுக்க எரிந்து, பின்னறையின் கூரை இறங்கிவிட்டது. யாரோ ஆட்டோக்காரர் சொல்லித் தகவல் வந்தது. போய் இறங்கினால் தெருவெல்லாம் தண்ணீரும் கரியும். தீயணைப்புக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உள்ள யாரும் இல்லைம்மா." அந்த வார்த்தைக்காக அன்றைக்கு நடுத்தெருவில் நின்று சாமியைக் கும்பிட்டாள். அக்கா தெருமுனைப் பஸ் ஸ்டாப்பில் ஒரு பிளாஸ்டிக் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி. புடவையில் புகை வாசனை இருந்ததா? இருந்தது. இருந்திருக்க வேண்டும். தெருவே புகையாக இருந்தபோது அக்காவின் புடவைப் புகையை மட்டும் எப்படித் தனியாகப் பிரிப்பது? பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார், படம் எடுத்தார், அக்கம்பக்கத்தில் விசாரித்தார். கடிதம் வந்தது. சம்பவத்துக்கு முன் முப்பது நாட்களுக்கு மேலாக வீட்டில் ஆள் புழக்கம் இல்லை என்று தெரிய வருவதால் சாமான்களுக்கு இழப்பீடு கிடையாது, கட்டடத்துக்கு மட்டும் கருணை அடிப்படையில் ஒரு பகுதி தருகிறோம், முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டு அனுப்பவும். ஆள் புழக்கம் இல்லை. தீயணைப்புக்காரர் சொன்ன அதே விஷயம்தான். அன்றைக்குக் காப்பாற்றிய சொல் இன்றைக்குத் திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கிறது.

அக்காவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கலாம். குணசீலன்கூட முதலில் அதைத்தான் சொன்னார். ஆனால் கடிதத்தைப் படித்த அன்று அக்கா அடுத்த அறையில் படுத்திருந்தாள். தீக்குப் பிறகு அவளை வில்லிவாக்கத்துக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். இங்கும் அவள் சத்தமில்லாமல்தான் இருந்தாள். கரண்டி விழும் சத்தம்கூடக் கேட்காது. சில சமயம் இந்துமதி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் அறையை எட்டிப் பார்ப்பாள். கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த அக்காவிடமே, நீ இல்லை என்று எழுதியிருக்கிற காகிதத்தை நீட்டி எப்படிக் கையெழுத்து வாங்குவது? ஒருநாள் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள். "அக்கா, தீப்பிடிக்கறதுக்கு முன்னால அந்த மாசம் பூராவும் நீ வீட்டிலதானே இருந்தே?" அக்கா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள். "வேற எங்கடி இருப்பேன்?" என்றாள். அவ்வளவுதான். அது பதிலா, கேள்வியா? அன்றைக்குப் பதில் என்றுதான் தோன்றியது. அக்கா கண்ணை மூடிய பிறகு அதே வாக்கியம் இரவும் பகலும் காதில் கேட்கக் கேட்க வேறு மாதிரி ஒலிக்கிறது. வேறு எங்கே இருப்பேன், நீயே சொல்லேன், எனக்குத் தெரியவில்லை என்று கேட்கிற மாதிரி. ரத்தம் எடுக்கப் போனால் அக்காவின் நரம்பு ஊசிக்கு நழுவிக்கொண்டு போகும். இதோ இருக்கிறது என்று விரல் சொல்லும், குத்தினால் இருக்காது. எத்தனை ஆயிரம் பேருக்குக் குத்திய கை அக்காவிடம் தோற்றுப்போனது. ஒரு மழைநாள் காலையில், தூக்கத்திலேயே, யாரையும் எழுப்பாமல் போய்விட்டாள்.

"இந்துமதி மேடம்தானே? நான் கம்பெனியிலிருந்து வந்திருக்கேன். நிலோஃபர்." பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு இந்துமதியின் மகள் வயதுதான் இருக்கும். கையில் தடியான கோப்பு. கம்பெனி ஆள் என்றால் எப்படியிருப்பார் என்று நினைத்திருந்தாளோ அப்படி இல்லை. "உங்க அக்கா தவறிட்டாங்கன்னு இங்க வந்துதான் தெரிஞ்சுது மேடம். மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு." குரலைத் தாழ்த்தினாள். "உள்ள போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். தொகையைக் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லி மேல பேசியிருக்கோம். சாமான்களுக்கும் சேர்த்துப் பாதி மாதிரி வரும். நீங்க சரின்னா சமரசம்னு இப்பவே முடிச்சிடலாம்." இந்துமதி கேட்டாள்: "அந்த வரியை எடுத்துடுவீங்களா?" "எந்த வரி மேடம்?" "ஆள் புழக்கம் இல்லைங்கிற வரி." நிலோஃபர் கோப்பைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். "அது சர்வேயரோட ரிப்போர்ட் மேடம். அதை மாத்த முடியாது. அதை வச்சுக்கிட்டேதான் நாங்க கூடுதலாத் தர்றோம்." அதை வைத்துக்கொண்டே. அக்காவை இல்லாதவளாக வைத்துக்கொண்டே. "வேண்டாம்மா" என்றாள் இந்துமதி. குணசீலன் கேட்டால் என்ன சொல்வது? உள்ளே தோற்றுவிட்டால் பாதியும் போய்விடுமே. எரிந்த வீடு எரிந்தபடியே மழையில் நனைந்துகொண்டிருக்கும். நிலோஃபர் கோபப்படவில்லை. "சரி மேடம்" என்று எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துக் குடித்தாள்.

கடைசித் தடவை. எல்லாம் அந்தக் கடைசித் தடவையில் வந்துதான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமையானால் டிபன் கேரியரோடு அம்பத்தூர் போவாள். கதவைத் தட்டுவாள். உள்ளேயிருந்து குரல் வரும், கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்திலிருந்து. "இருக்கேண்டி. நல்லாத்தான் இருக்கேன். வச்சிட்டுப் போ." முதல் தடவை அழுதாள், கதவை உதைத்தாள். பிறகு பழகிவிட்டது. கேரியரை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, போன வாரக் கேரியரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருக்கும். ஆனால் தீக்கு முந்தைய அந்த மாதம்? கழுவியிருந்ததா? கேரியரைத் தூக்கியபோது கை கனத்ததா? யோசித்தால் இரண்டும் நினைவு வருகிறது. காலிக் கேரியர் முழங்காலில் இடித்து டங்கென்று சத்தம் போட்டதும் நினைவிருக்கிறது. பஸ்ஸில் யார் மேலும் கொட்டிவிடக் கூடாதே என்று நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்ததும் நினைவிருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் அந்த மாதத்துடையது. எது? பிறகு அந்தக் குரல். தட்டினாள், குரல் வந்தது, திரும்பினாள். வந்ததா? வாராவாரம் அதே வார்த்தைகள், அதே ஏற்ற இறக்கம். தட்டினதும் காது தானாகவே எடுத்துப் போட்டுக்கொள்ளுமே, கடிகாரம் நின்ற வீட்டிலும் மணி அடித்த மாதிரி இருக்குமே, அப்படிக் கேட்டதாக இருந்தால்? அப்படியானால் அக்கா எங்கே இருந்தாள்? ஒரு மாதம் முழுக்க எந்தப் பிளாட்பாரத்தில், எந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், யாருடைய ஊரில்? வாளியோடு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தவள் உள்ளேயிருந்து வெளியே வந்தவளா, வெளியேயிருந்து வந்து சேர்ந்தவளா? இந்த நினைப்பு வருகிறபோதெல்லாம் கம்பெனிக் கடிதத்தைத் தன்னுடைய கையே எழுதியதுபோல விரல் சில்லிட்டுப்போகும். இப்போதும் அப்படித்தான். ஏ.சி. காற்றுதான், ஏ.சி. காற்றுதான் என்று உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு நீளமான மேஜை, அந்தப் பக்கம் நரைத்த மீசையும் முழுக்கைச் சட்டையுமாகக் குறைதீர்ப்பாளர். "உக்காருங்கம்மா, தண்ணி வேணுமா?" என்றார். நிலோஃபர் முதலில் பேசினாள். மனப்பாடம் போலில்லாமல் தெளிவாகப் பேசினாள். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், சார். பால், பேப்பர் எதுவும் இல்லை. கரண்டு ரீடிங்கைப் பார்த்தாலே தெரியும். சம்பவத்தன்று அந்த அம்மா வெளியே பஸ் ஸ்டாப்பில் இருந்திருக்கிறார். ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க இந்துமதிக்கு அந்த வீடு கண் முன்னால் காலியாகிக்கொண்டே வந்தது. கட்டில் போயிற்று, பாத்திரம் போயிற்று, கதவுக்குப் பின்னால் நின்றவள் போய்விட்டாள். குறைதீர்ப்பாளர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க கடைசியா அவங்களை எப்பம்மா பார்த்தீங்க?"

வாரா வாரம் என்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் முடிந்தது. யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? ஆனால் பொய் சொல்லி அக்காவை அந்த வீட்டில் உட்கார வைத்தால், உட்கார்ந்திருப்பது அக்காவாக இருக்காது, இந்துமதி செய்து வைத்த பொம்மையாக இருக்கும். பிறகு அக்காவை எங்கே போய்த் தேடுவது?

"பார்க்கலை சார்" என்றாள். "கதவைத் திறக்க மாட்டா. குரலைத்தான் கேட்டேன். தட்டினா, இருக்கேண்டின்னு சொல்லுவா. வாரா வாரம் போவேன்."

"தீப்பிடிக்கறதுக்கு முன்னால கடைசியாப் போனப்பவும் சொன்னாங்களா?"

அறையில் காகிதம் படபடத்தது. நிலோஃபர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சொன்னான்னுதான் நினைக்கிறேன் சார். நிச்சயமாச் சொல்லத் தெரியலை. அப்ப நிச்சயமாத்தான் இருந்துச்சு. இந்தக் கம்பெனிக் கடுதாசி வந்த பிறகுதான்..." நிறுத்திக்கொண்டாள். அவ்வளவுதான், கெடுத்துவிட்டோம் என்று தெரிந்தது. பாதியும் போயிற்று. கூரையும் போயிற்று.

குறைதீர்ப்பாளர் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நிலோஃபரிடம் கேட்டார். "பக்கத்து வீட்டுக்காரங்க அந்தம்மா அங்க இல்லைன்னு எழுதியிருக்காங்களா, நாங்க பார்க்கலைன்னு எழுதியிருக்காங்களா?"

"பார்க்கலைன்னு, சார்."

"ரீடிங் பூஜ்யமா?"

"பூஜ்யம் இல்லை சார். ரொம்ப ரொம்பக் கம்மி."

"கம்மியா வாழக் கூடாதுன்னு உங்க பாலிசியில எங்கயாவது போட்டிருக்காம்மா?"

நிலோஃபர் பேனாவை மூடினாள். அவள் முகத்திலும் ஏதோ ஒன்று இளகியது போலிருந்தது. இல்லை, களைப்பாகவும் இருக்கலாம். குறைதீர்ப்பாளர் பேசிக்கொண்டே போனார். ஆளில்லாத வீட்டுக்குப் பணம் கிடையாது என்ற விலக்கைக் காட்டுவது கம்பெனி, அப்படியானால் அதை நிரூபிக்க வேண்டியதும் கம்பெனிதான். ஒருத்தர் கண்ணில் படவில்லை என்பது அவர் இல்லை என்பதற்கு ஆதாரமாகாது. கட்டடத்துக்கும் சாமான்களுக்கும் முழுக்கணக்குப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். ஆர்டர் தபாலில் வரும். இந்துமதிக்குப் பாதிதான் காதில் விழுந்தது. ஜெயித்துவிட்டோமா? அவர் சொல்வதைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. எழுந்திருக்க வேண்டும், கும்பிட வேண்டும், போக வேண்டும். எழுந்திருக்க முடியவில்லை.

"சார், அப்ப எங்க அக்கா அந்த வீட்டில இருந்தான்னு ஆர்டர்ல எழுதுவீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சட்டென்று வயதானவராகத் தெரிந்தார். "அதை நான் எழுத முடியாதும்மா. இல்லைன்னு நிரூபிக்கப்படலைன்னுதான் எழுத முடியும். என் கையில இருக்கிறது அவ்வளவுதான். உங்களுக்குப் பணம் வந்துடும்." பணத்தைச் சொல்லும்போது அவருக்கே அது போதாது என்று தெரிந்த மாதிரி, பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. பஸ் ஸ்டாப் நிழலில் நின்று குணசீலனுக்குப் போன் செய்தாள். "ஜெயிச்சாச்சா? முழுசாவா? நான்தான் சொன்னேன்ல இந்து!" அவர் சந்தோஷத்தில் கத்தியது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. நல்ல மனுஷர்தான். அக்காவுக்குக் கஞ்சி ஊட்டியவர், கடைசியில் கொள்ளி வைத்தவர். "பணம் வந்ததும் கூரையைப் போட்டு, வெள்ளையடிச்சு, ஒரு நல்ல குடும்பமாப் பார்த்து வாடகைக்கு விட்டுடலாம். பிள்ளை குட்டி உள்ள குடும்பமா." அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். ரோட்டில் ஹாரன், பிரேக், யாரோ யாரையோ திட்டும் சத்தம், எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தது. இல்லை என்று நிரூபிக்கப்படவில்லை. அதற்கு அடியில் எவ்வளவு தோண்டினாலும் ஒன்றும் கிடைக்காது. இனி எந்த ஆபீஸும் அதற்கு மேல் எழுதித் தராது. கேட்க வேண்டியவளும் போய்விட்டாள். "வாடகைக்கு வேண்டாங்க" என்றாள். "கொஞ்ச நாள் நான் அங்க இருக்கேன்." "எங்க?" "அக்கா வீட்டில." "என்ன இந்து பேசறே? கரிஞ்சு கிடக்கு. முன்னறை ஒண்ணுதான் மிச்சம், அதுலயும் லைட்டு கிடையாது. தனியா அங்க உக்காந்து என்ன பண்ணப் போறே?" என்ன பண்ணப் போகிறோம் என்று அவளுக்கும் தெரியவில்லை. அந்தச் சுவருக்குள் உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாமல் ஒருத்தி இருக்க முடியுமா, ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் இருக்க முடியுமா என்று உடம்பு தானாகக் கேட்டுக்கொண்டிருந்தது. முடியும் என்று தெரிந்துவிட்டால் போதும். முடியாது என்று தெரிந்தால்? அதை இப்போது நினைக்க வேண்டாம். "சாதம் குக்கர்ல இருக்கு. ரசத்தை மட்டும் சூடு பண்ணிக்குங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அம்பத்தூர் பஸ் கூட்டமில்லாமல் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் காய்கறிப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் கொடுத்தாள். பஸ் நகர்ந்ததும் பேச ஆள் கிடைத்த மாதிரி முகத்தைத் திருப்பி, "வேலை முடிஞ்சு வீட்டுக்கா அக்கா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றாள் இந்துமதி. "வீட்டுக்குத்தான்."